36 வயதில் முழுநேரப் படிப்பு: பிரிட்டனில் எந்த ரயில்கார்டு வாங்கலாம், எப்படி வாங்குவது?

ரயில்கார்டு என்பது, காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டால் ரயில் டிக்கெட்டில் தள்ளுபடி தரும் அட்டை. முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 36 வயது. செப்டம்பரில் ரெடிங் நகரில் ஓராண்டு முழுநேர முதுகலைப் படிப்பில் சேரப்போகிறார். வீடு கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில். கணவரும் 8, 11 வயதில் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு. அதில் இரண்டு நாள் காலையிலேயே தொடங்கிவிடும், ஒரு நாள் மதியம். "16-25 ரயில்கார்டு எனக்கும் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? நெட்வொர்க் ரயில்கார்டு வாங்கினால் நல்லது என்று இன்னொருவர் சொல்கிறார். எதை வாங்குவது, எப்படி விண்ணப்பிப்பது? குடும்பத்தோடு போகும்போதும் அது உதவுமா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்மைதான், உங்களுக்கும் கிடைக்கும். உங்கள் நிலைமைக்கு 16-25 ரயில்கார்டுதான் சரி. அட்டையில் 25 என்று போட்டிருப்பதைப் பார்த்து எத்தனையோ பேர் தங்களுக்கு இல்லை என்று விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். இந்த அட்டை 1974-ல் பிரிட்டிஷ் ரயில் காலத்தில் மாணவர்களுக்கான ரயில்கார்டாகத்தான் தொடங்கியது. பிறகுதான் அது இளைஞர்கள் எல்லோருக்குமானது. 26 வயதைத் தாண்டி முழுநேரம் படிப்பவர்களுக்கு இன்றும் அதில் இடம் இருக்கிறது, மேல் வயது வரம்பு கிடையாது. 36 என்றாலும் சரி, 52 என்றாலும் சரி.

நிபந்தனை ஒன்றுதான்: படிப்பு முழுநேரமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு 15 மணி நேரத்துக்கு மேல், ஆண்டுக்குக் குறைந்தது 20 வாரம் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. முதுகலையில் வகுப்பறை நேரம் குறைவு, மீதி எல்லாம் நூலகமும் கட்டுரையும்தான். அதனால் கால அட்டவணையை எண்ணிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் உங்களை முழுநேர மாணவராகப் பதிவு செய்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. முழுநேர முனைவர் பட்ட மாணவர்களும் இதில் வருவார்கள். பகுதிநேரப் படிப்பும் வீட்டிலிருந்தே படிக்கும் தொலைநிலைப் படிப்பும் வராது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 2025 மார்ச் 2 அன்று விலை ஏறியது. 30 பவுண்டாக இருந்த ஓராண்டு அட்டை இப்போது 35 பவுண்டு. மூன்றாண்டு அட்டை 80 பவுண்டுக்கு உண்டு, ஆனால் அது இளையவர்களுக்குத்தான். மாணவர் என்ற தகுதியில் வாங்கும் 26 வயதைத் தாண்டியவர்கள் ஓராண்டு அட்டைதான் வாங்க முடியும், உங்கள் படிப்புக்கு அதுவே போதும். தள்ளுபடி மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஓராண்டில் 105 பவுண்டுக்கு மேல் டிக்கெட் வாங்கப்போகிறீர்கள் என்றால் அட்டைக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும். இல்ஃபோர்டிலிருந்து ரெடிங்குக்கு வாரம் மூன்று நாள் போகிறவருக்கு முதல் சில வாரத்திலேயே அது நடந்துவிடும்.

இனி எந்த அட்டை என்பது. 16-25, 26-30, நெட்வொர்க், டூ டுகெதர், ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ், சீனியர் என்று பல பெயர்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு எல்லாவற்றிலும் தள்ளுபடி அதே மூன்றில் ஒரு பங்குதான், விலையும் இவை எல்லாவற்றுக்கும் அதே 35 பவுண்டுதான். அதனால் தள்ளுபடியை ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை. எத்தனை மணி ரயிலில் ஏறுவீர்கள் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெட்வொர்க் ரயில்கார்டை எடுத்துக்கொள்வோம். லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் அதன் எல்லை, ரெடிங் அதற்குள் வருகிறது. வயது, படிப்பு எதுவும் கேட்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். கூட வரும் மூன்று பெரியவர்களுக்கும் தள்ளுபடி உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 மணிக்கு முன் அது செல்லாது. 10 மணிக்குப் பிறகும் வார நாட்களில் குறைந்தபட்சக் கட்டணம் 13 பவுண்டு. காலை வகுப்புக்குப் போகும் இரண்டு நாளும் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு அது வேண்டாம்.

டூ டுகெதர் அட்டையில் பெயர் போட்ட இருவரும் சேர்ந்து போனால்தான் தள்ளுபடி. கணவர் உங்களோடு வகுப்புக்கு வரப்போவதில்லை, அதைக் கடந்துவிடலாம்.

16-25 அட்டைக்குக் காலையில் தடை இல்லை. ஒரே ஒரு குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் இருக்கிறது, அதை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 4.30 முதல் 10 மணி வரை பயணம் செய்தால், தள்ளுபடிக்குப் பிறகு டிக்கெட் 12 பவுண்டுக்குக் கீழே போகாது. முழுக் கட்டணமே 12 பவுண்டுக்குக் குறைவு என்றால் அந்த நேரத்தில் அட்டையால் லாபம் இல்லை, முழுக் கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும். முழுக் கட்டணம் 15 பவுண்டு என்றால் 10 ஆகக் குறையாது, 12-தான். 18 பவுண்டோ அதற்கு மேலோ என்றால் மூன்றில் ஒரு பங்கு முழுதாகக் கிடைத்துவிடும். லண்டனிலிருந்து ரெடிங்குக்குக் காலை நெரிசல் நேர டிக்கெட் 18 பவுண்டை எளிதாகத் தாண்டுகிறது, ஆகவே உங்களுக்கு இந்த விதி உறைக்காது. பொது விடுமுறை நாளிலும், ஜூலை ஆகஸ்ட் மாதங்களிலும் இந்தக் குறைந்தபட்சக் கட்டணமே கிடையாது. முன்கூட்டி வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் இல்லை.

பக்கத்து ஊருக்கு நாலைந்து பவுண்டு டிக்கெட்டில் போகிறவர்களுக்குத்தான் இது பெரிய வலை. 2024-ல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பட்டதாரி இளைஞர் காலை நேரத்தில் இந்த அட்டையோடு டிக்கெட் வாங்கிப் போனார். ஆப் அவருக்குத் தள்ளுபடி விலையிலேயே டிக்கெட் விற்றுவிட்டது. பரிசோதகர் பிடித்தார். குறைவாகக் கட்டிய தொகை 1.90 பவுண்டு. அதற்கு வழக்குப் போடுவோம் என்று கடிதம் வந்தது, செய்திகளில் பெரிய விவாதம் ஆன பிறகுதான் ரயில் நிறுவனம் கைவிட்டது. எனிடைம் டிக்கெட் என்றால் எந்த நேரமும் போகலாம் என்று எவருமே நினைப்பார்கள், அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். டிக்கெட்டுக்கு ஒரு நேர விதி, அட்டைக்கு இன்னொரு நேர விதி. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்துக்கான ஆஃப்-பீக் டிக்கெட் காலை நெரிசலில் செல்லாது என்றால், அட்டை இருக்கிறது என்பதற்காக அது செல்லுபடி ஆகிவிடாது.

இதே பதிலைப் படிக்கும் 26 முதல் 30 வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு 26-30 ரயில்கார்டு இருக்கிறது, 2019 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் கிடைக்கிறது. அதே விலை, அதே தள்ளுபடி. படிக்கிறீர்களா என்று கேட்க மாட்டார்கள், பல்கலைக்கழக முத்திரைக்கு அலைய வேண்டாம், 31-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை வாங்கலாம். வேறுபாடு இரண்டுதான்: அது கைபேசியில் மட்டும்தான் இருக்கும், பிளாஸ்டிக் அட்டையாக வராது, ஜூலை ஆகஸ்டிலும் காலைக் குறைந்தபட்சக் கட்டணம் விடாது. கோடையில் ஆய்வேட்டுக்காகக் காலையில் குறைந்த தூரம் போய்வர வேண்டியவர்கள் மட்டும் மாணவர் வழியில் 16-25 வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்களுக்கு 26-30 போதும்.

60 வயது ஆனவர்களுக்குச் சீனியர் அட்டை எளிது. காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், சில அரசு உதவித்தொகை பெறுபவர்கள் ஆகியோருக்கு மாற்றுத்திறனாளிகள் ரயில்கார்டு உண்டு. அது ஓராண்டுக்கு 20 பவுண்டுதான், நேரத் தடையும் இல்லை, துணைக்கு வரும் ஒருவருக்கும் தள்ளுபடி. தகுதி இருந்தும் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். கேளுங்கள், அது உங்கள் உரிமை.

இப்போது விண்ணப்பம். இளையவர்களுக்கு வயதை நிரூபிக்க பாஸ்போர்ட் போதும். நீங்கள் வயதைக் காட்டி வாங்கவில்லை, படிப்பைக் காட்டி வாங்குகிறீர்கள், அதனால் பல்கலைக்கழகத்தின் உறுதி தேவை. ரயில்கார்டு தளத்தில் 26 வயதைத் தாண்டிய மாணவர்களுக்கென்று ஒரு படிவம் இருக்கிறது. அதை இறக்கி, உங்கள் பகுதியை நிரப்பி, பல்கலைக்கழகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். ஆசிரியர், வழிகாட்டிப் பேராசிரியர், துறைத் தலைவர் யாரும் கையெழுத்து போடலாம். ஆனால் முத்திரை பெரும்பாலும் மாணவர் சேவை அலுவலகத்தில்தான் இருக்கும். பேராசிரியர் அறைக்கு முன் காத்திருப்பதைவிட நேரே அங்கே போவதுதான் மேல். ரயில்கார்டு படிவம் என்று சொன்னாலே அவர்களுக்குத் தெரியும். பல இடங்களில் மின்னஞ்சலில் அனுப்பினால் முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படிவம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒருமுறை பாருங்கள். முத்திரையில் பல்கலைக்கழகத்தின் பெயர் படிக்கும்படி விழுந்திருக்கிறதா? மை காய்ந்த முத்திரையில் பாதி எழுத்து விழாது. அதைக் கைபேசியில் படம் எடுத்து ஏற்றினால் வெறும் நீல வட்டமாகத் தெரியும், திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். தேதி எழுதியிருக்கிறார்களா, கையெழுத்துக்குக் கீழே பதவி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்னொரு முறை முத்திரை போடச் சொல்வதில் தவறில்லை. படம் எடுக்கும்போது தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையும் தெரியும்படி, நிழல் விழாமல் எடுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது ரயில்கார்டு டாட் கோ டாட் யூகே என்ற அதிகாரபூர்வத் தளத்துக்கே போங்கள். முத்திரையிட்ட படிவத்தின் படம், முகம் தெளிவாகத் தெரியும் பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பணம் கட்ட வங்கி அட்டை, இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் பக்கத்தில் இருக்கட்டும். நேரில் வாங்க விரும்பினால் ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரிலும் வாங்கலாம். அப்போது படிவத்தோடு ஒரு பாஸ்போர்ட் அளவுப் படமும் வேண்டும். படிவத்தில் கையெழுத்து போட்டவரே அந்தப் படத்தின் பின்பக்கமும் கையெழுத்து போட வேண்டும். இது தெரியாமல் கவுண்டர் வரை போய்த் திரும்புகிறவர்கள் உண்டு.

பெயர் விஷயம் நமக்கே உரியது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த தமிழர்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அல்லது அங்கே அப்பாவின் பெயர் இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்து முன்னால் வந்திருக்கும். பல்கலைக்கழகம் தன் பதிவில் வேறு மாதிரி பிரித்து எழுதியிருக்கும். படிவத்திலும் இணைய விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள், அது பல்கலைக்கழகப் பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். முத்திரை போடுபவர் கணினியில் தேடிப் பார்ப்பது அந்தப் பெயரைத்தான்.

எப்போது விண்ணப்பிப்பது? சேர்க்கை முழுமையாக முடிந்து, மாணவர் அட்டை கைக்கு வந்த பிறகுதான் முத்திரை கிடைக்கும். ஆகஸ்டில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் போட மாட்டார்கள். ஆகவே முதல் வாரம் முழுக் கட்டணத்துக்குத் தயாராக இருங்கள். பதிவு முடிகிற அன்றே படிவத்தை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோனால் அந்த இடைவெளியைக் குறைக்கலாம். கைபேசி அட்டை என்றால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம், ஒப்புதல் வந்ததும் ரயில்கார்டு ஆப்பில் ஏற்றிவிடலாம், இரண்டு கருவிகளில் வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் சார்ஜ் நிற்காதவர்கள் பிளாஸ்டிக் அட்டையே வாங்குங்கள். ஏனென்றால் பரிசோதகர் டிக்கெட்டையும் அட்டையையும் சேர்த்தே கேட்பார், அட்டையைக் காட்ட முடியாவிட்டால் தள்ளுபடி டிக்கெட் செல்லாது. இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டும் அதோடு ஒருவழிக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அந்த 100 பாதியாகும். அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போய்க் கூடுதலாகக் கட்டினால், ஆண்டுக்கு ஒருமுறை 28 நாளுக்குள் விண்ணப்பித்து அந்தக் கூடுதல் தொகையைத் திரும்பப் பெறலாம். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அட்டை வந்தாயிற்று என்றால் அதைப் பயன்படுத்துவதில்தான் உங்கள் வழித்தடத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. லண்டனைக் குறுக்காகக் கடக்கும் எலிசபெத் லைன் ரயில் இல்ஃபோர்டிலும் உண்டு, ரெடிங்கிலும் உண்டு. வங்கி அட்டையைத் தட்டிவிட்டு ஏறி அங்கே தட்டிவிட்டு இறங்கலாம், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் வங்கி அட்டையோடு ரயில்கார்டை இணைக்க முடியாது. தட்டிப் போகிற ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம்தான். பணம் போட்டுவைத்துத் தட்டிப் போகும் லண்டனின் ஆய்ஸ்டர் அட்டையோடு இணைக்கலாம், ஆனால் மேற்கே வெஸ்ட் டிரேட்டன் நிலையத்தோடு ஆய்ஸ்டர் முடிந்துவிடுகிறது, ரெடிங் வரை செல்லாது. எனவே ரெடிங்குக்கு ரயில்கார்டு சேர்த்து வாங்கிய டிக்கெட்தான் வழி. இல்ஃபோர்டிலிருந்தே ஒரே டிக்கெட்டாக ஒருமுறை விலை பாருங்கள். லண்டனின் பேடிங்டன் நிலையம் வரை ஆய்ஸ்டரும், பேடிங்டனிலிருந்து ரெடிங்குக்குத் தனி டிக்கெட்டுமாக இன்னொரு முறை பாருங்கள். காலைக்கும் மதியத்துக்கும் விடை வேறாக வரலாம்.

லண்டனுக்குள் மற்ற பயணங்களுக்காக ஆய்ஸ்டரோடு இணைத்துவைப்பது நல்லது. ஸ்ட்ராட்ஃபோர்டு மாதிரி ஏதாவது ஒரு ட்யூப் (சுரங்க ரயில்) நிலையத்தில் ஊழியரிடம் இரண்டையும் கொடுத்தால் அங்கேயே இணைத்துத் தருவார். அதன் பிறகு நெரிசல் இல்லாத நேரங்களில் ட்யூப், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7 நெரிசல் நேரம், அப்போது குறையாது. பேருந்துக்கும் இல்லை.

டிக்கெட் வாங்கும் இடத்தையும் கவனியுங்கள். சில பிரபல ஆப்கள் முன்பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். ரயில் நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் அது கிடையாது, எந்த நிறுவனத்தின் தளத்திலும் எந்த ஊருக்கும் வாங்கலாம். ரயில்கார்டைச் சேர்க்கும் இடத்தில் 16-25 என்பதையே தேர்ந்தெடுங்கள், மாணவர்களுக்கென்று தனிப் பெயர் இருக்காது.

"சீசன் டிக்கெட் எடுத்தால் மலிவில்லையா?" என்று யாராவது சொல்வார்கள். சீசன் டிக்கெட்டுக்கு இந்த அட்டையின் தள்ளுபடி கிடையாது. 28 நாளில் 8 நாள் பயணம் தரும் ஃப்ளெக்ஸி சீசனுக்கும் கிடையாது. வாரம் ஐந்து நாளும் காலை நெரிசலில் போகிறவர்களுக்குச் சீசன் மேல். உங்களுக்கு வாரம் மூன்று நாள், அதிலும் ஒரு நாள் மலிவான ஆஃப்-பீக்கில் போகலாம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறை வேறு வரும். ரயில்கார்டோடு அன்றன்றைக்கு டிக்கெட் வாங்குவதே உங்களுக்கு லாபம் என்பது என் கணிப்பு. இருந்தாலும் கால அட்டவணை கைக்கு வந்ததும் எட்டு நாள் டிக்கெட் விலையைத் தாளில் கூட்டி, ஃப்ளெக்ஸி விலையோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

கடைசியாகக் குடும்பம். 16-25 அட்டை உங்கள் ஒருவருக்குத்தான்; பிள்ளைகளுக்கோ கணவருக்கோ அது எதுவும் செய்யாது. பள்ளி விடுமுறையில் நான்கு பேரும் பர்மிங்ஹாமில் உறவினர் வீட்டுக்கோ கடற்கரைக்கோ போவது வழக்கம் என்றால் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் அட்டையைத் தனியாக 35 பவுண்டுக்கு வாங்கலாம். பெரியவர்கள் நான்கு பேர் வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் வரை 60 சதவீதம் குறையும். குறைந்தது ஒரு பிள்ளையாவது கூட வர வேண்டும். லண்டன், தென்கிழக்குப் பகுதிக்குள் வார நாள் காலை நெரிசலில் செல்லாது, விடுமுறைப் பயணத்துக்கு அது ஒரு தொந்தரவு இல்லை. ஒரு டிக்கெட்டில் ஒருவருக்கு ஒரு அட்டைதான், இரண்டையும் சேர்த்துக் குறைக்க முடியாது. ஃபேமிலி அட்டையை உங்கள் பெயரில் வாங்கினாலும் சரி, கணவர் பெயரில் வாங்கினாலும் சரி. இருவர் பெயரையும் அதில் போடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் அதிகம் போவார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்காது.